கொஞ்சம் சடவுதான்

கணபதி, கோயமுத்தூர்
18-7-96

போட்டேன்தான். ஹெட்மாஸ்டரோடு போனில் சண்டை போட்டாயா என்று கார்டில் ஒரே ஒரு வரி கேட்டிருக்கிறாய். போட்டேன் அக்கா. இல்லை என்று மழுப்ப மாட்டேன். என் நலம் என்றால் பவுண்டரியில் கருமணல் தின்கிறேன், மூக்கைச் சிந்தினால் அதுதான் வருகிறது, மற்றபடி இருக்கிறேன். மச்சானையும் பாப்பாவையும் உன் மாமியாரையும் கேட்டதாகச் சொல். இனி சண்டைக்கு வருகிறேன்.

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து கடிதமே இல்லை. அதனால்தான் பூத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். மனுசன் என்ன சொன்னார் தெரியுமா?

"யாரு, அன்புச்செல்வி டீச்சர் தம்பியா? உங்கக்கா இருவது நாளா லீவுப்பா. என்ன சீக்குன்னு அதுக்கே தெரியல. உங்காளுகளுக்குக் கவர்மெண்டு உத்தியோகம் குடுத்தா இப்படித்தான். காலை நீட்டிப் படுத்துக்கறது."

நான் சொன்னேன், "ஏனுங் சார், எங்காளுக இத்தனை வருசம் காலை நீட்டிப் படுத்திருந்தா உங்க தோட்டத்துல களையை யாரு புடுங்கினாங்க? நீங்களுங்களா?" டொக்கென்று வைத்துவிட்டார். இதற்குப் பெயர் சண்டை என்றால் ஆமாம், சண்டை.

ஆனால் அந்த வெங்கடபதி வாத்தியாரைத் திட்டிவிட்டு ரூமுக்கு வந்து யோசித்தேன். நான் மட்டும் என்ன கிழித்தேன். போன மாதம் வந்தபோது பகல் பதினொரு மணிக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். "மகாராணி இன்னும் எந்திரிக்கலையா" என்று கேட்டுவிட்டு மச்சானோடு டீ குடிக்கப் போய்விட்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பென்றால் விளக்குமாற்றை எடுத்திருப்பாய்.

நமக்கு அம்மாவும் இல்லை அப்பாவும் இல்லை. உன்னைக் கேட்க நான் ஒருத்தன்தான். நேராகக் கேட்கிறேன். உனக்கு என்ன?

பதில் போடாவிட்டால் அடுத்த போன் உன் ஹெட்மாஸ்டருக்குத்தான்.

அன்புமணி


காங்கேயம்
29-7-96

அன்புத் தம்பி மணிக்கு அக்கா எழுதிக்கொண்டது. இங்கு உன் மச்சானும் அத்தையும் பாப்பாவும் சுகம். நீ அங்கு சுகமாக இருந்து நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

ஹெட்மாஸ்டரிடம் இனிப் பேச வேண்டாம். அவர் பெரியவர். எனக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் சடவுதான். வேறொன்றும் இல்லை. ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பாப்பாவுக்கு முடியை ஒட்ட வெட்டிவிட்டோம். வெயிலுக்கு நல்லது.

மச்சான் களத்தில் தேங்காய்ப் பருப்புக் காயப்போட ஆள் குறைவு என்று நேரங்கழித்து வருகிறார். எழுத வேறு விசயம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன் அக்கா


கணபதி
2-8-96

அக்கா, உன் கடிதத்தில் மூன்று பேர் சுகம் என்று இருக்கிறது. அந்த வீட்டில் இருப்பது நாலு பேர். நாலாவது ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன்தான், ஆனால் நாலு வரைக்கும் எண்ணுவேன்.

வெயிலுக்கு முடி வெட்டினீர்களாம். ஆடிக் காற்றில் காங்கேயத்து மண்ணெல்லாம் பறந்து கோயமுத்தூர் வந்து சேர்கிறது, இதில் எங்கிருந்து வந்தது வெயில்? பாப்பாவுக்கு ரெட்டைச் சடை போட நீ எப்படி உட்காருவாய் என்று எனக்குத் தெரியும். ரிப்பன் ஒரு பக்கம் ஏறியிருந்தால் மொத்தத்தையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாய். அது அழுதாலும் விடமாட்டாய். அந்த முடியை வெட்டியிருக்கிறாய். உன்னால் பின்னிவிட முடியவில்லை. அதுதானே? அதை எழுதினால் என்ன? இன்லண்டு லெட்டர் கிழிந்துவிடுமா?

சடவாம். எனக்கும்தான் சடவு. பத்து மணி நேரம் வார்ப்புப் பெட்டி தூக்கினால் யாருக்குத்தான் சடவு இல்லை? படுத்தால் போய்விடும் சடவு. உனக்குப் படுக்கப் படுக்கக் கூடுகிறது. அப்புறம் அது எப்படிச் சடவு?

டாக்டரிடம் போ. ஞாயிற்றுக்கிழமைக்குள் போ. மச்சானுக்கு நேரமில்லை என்றால் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போ. போகவில்லை என்றால் நானே வந்து தூக்கிக்கொண்டு போவேன், தெருவே பார்க்கும்.

பாப்பாவின் மொட்டைத் தலைக்கு ஒரு முத்தம்.

மணி


காங்கேயம்
26-8-96

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். என்னையும் சேர்த்துக்கொள், உனக்குக் கணக்குச் சரியாக வரட்டும்.

டாக்டரிடம் போனோம். அத்தைதான் கூட வந்தது. டாக்டர் தெற்கத்திக்காரர், புதிதாக வந்திருக்கிறார். தன்மையாகப் பேசினார்.

"என்னம்மா செய்யுது?"

"சடவுங்க."

"எத்தனை நாளா?"

"நாலு மாசமாச்சுங்க."

"யாரு மேல?"

அந்தக் கேள்வி எனக்குச் சரியாக விளங்கவில்லை. உடம்பில் எந்த இடம் என்று கேட்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு, "மேலெல்லாந்தானுங்க" என்றேன்.

அவர் அத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வீடுன்னா நாலும் இருக்கும்மா. பெரியவங்க கொஞ்சம் விட்டுக்குடுக்கணும், நீயும் மனசுல வெச்சுக்காம அனுசரிச்சுப் போகணும்" என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார்.

வரும்போது பஸ்ஸில் அத்தை தனி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஏன் என்று தெரியவில்லை. கேட்கவும் தெம்பு இல்லை.

டானிக் இனிப்பாக இருக்கிறது. பாப்பா எடுத்துக் குடித்துவிடுகிறாள்.

அக்கா


கணபதி
29-8-96

அக்கா, நலமெல்லாம் கேட்கப்போவதில்லை, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது விளங்குகிறது. உனக்குச் சீக்கு உடம்பில் இல்லை, அந்த வீட்டில் இருக்கிறது. முகத்தைப் பார்த்ததுமே ஒரு டாக்டர் கண்டுபிடித்திருக்கிறார், மாமியார் கொடுமை என்று. அவர் காலைக் கழுவிக் கும்பிட வேண்டும். நாலு மாதமாக ஒருத்தி சுருண்டு கிடக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து ஏன் கண்ணு என்று கேட்க அந்தக் கிழவிக்கு நாக்கு எழவில்லை. டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதும் ரோசம் மட்டும் வந்துவிட்டது. பேசமாட்டாராம். உன் சம்பளத்தில் கறிக்குழம்பு சாப்பிட வாய் இருக்கிறது, உன்னிடம் பேச வாய் இல்லையா?

காலத்துக்கும் பண்ணையத்தில் குனிந்து நின்றுவிட்டு, இப்போது நிமிர ஒரு இடம் கிடைத்தால் மருமகள் தலையில்தான் நிமிர்வார்களா? மச்சானும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். ஆம்பிளை என்று மீசை மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்டதாகச் சொல்.

நீ பயப்படாதே. பையைக் கட்டி வை. அடுத்த மாதக் கடைசியில் வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உன் தம்பி இருக்கிறான்.

மணி


காங்கேயம்
9-9-96

மாப்பிள்ளை அன்புமணிக்கு மச்சான் காளிச்சாமி எழுதிக்கொள்வது. பாப்பா நலம். உங்கள் நலத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் யாருக்குக் கடிதம் வந்தாலும் நான்தான் சத்தமாகப் படிப்பேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் அக்காவுக்கு எழுதுவதையெல்லாம் விரும்பிக் கேட்கும், "அந்தப் பையன் பேசற மாதிரியே எழுதறான்டா" என்று சிரிக்கும். இந்தத் தடவையும் அப்படித்தான் படித்தேன். கறிக்குழம்பு வரைக்கும் படித்துவிட்ட பிறகுதான் என்ன படிக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டது. நாலு நாளாக எங்கள் வீட்டில் கறியும் இல்லை, குழம்பும் இல்லை.

நீங்கள் என்னைக் கேட்டதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கேட்கலாம்.

ஆனால் அம்மா ஏன் பேசவில்லை என்றால், செல்வி டாக்டரிடம் போய் மாமியார் மேல் குறை சொல்லிவிட்டாள் என்று அதற்கு வருத்தம். "நான் அவளை என்னடா பண்ணுனேன், நேராச் சொல்லிப்போட்டா நான் போயி மகவூட்ல இருந்துக்கறேன்" என்று என்னிடம் அழுதது. செல்வியைக் கேட்டால் "நான் ஒண்ணுமே சொல்லலீங்க" என்கிறாள். யார் சொல்வது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது செல்வி கூப்பிட்டாள். "ஏனுங், கெணத்துக் கதவைப் பூட்டிச் சாவியை நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள். பூட்டிவிட்டேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை மாப்பிள்ளை. கேட்டிருக்க வேண்டுமா? படித்தவர் நீங்கள், சொல்லுங்கள்.

காளிச்சாமி


கணபதி
11-9-96

மச்சானுக்கு,

இதைக் கண்டக்டர் அங்கப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். சாயங்காலத்துக்குள் களத்தில் உங்கள் கையில் கொடுத்துவிடுவார். நானே வந்திருப்பேன், ஆனால் நாளைக்குக் காலையில் இங்கே ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க நான் வரிசையில் நிற்க வேண்டும். நீங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வாருங்கள். அத்தையையும் கூட்டி வாருங்கள். களத்தில் லீவு தரமாட்டார்கள் என்றால் சொல்லாமல் வாருங்கள்.

மெர்சியக்காவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹாஸ்டலில் அக்காவுக்குப் பக்கத்துப் பெட்டி, கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். உங்கள் கடிதம் வந்ததும் எடுத்துக்கொண்டு அவர்களிடம்தான் ஓடினேன். சாவி என்ற வரிக்கு வந்ததும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "மணி, இது ஊட்டுச் சண்டை இல்ல. சாவியைக் குடுத்தாளே, அது அவ உசுரைக் குடுத்து வெச்சிருக்கற மாதிரி. புரியுதா உனக்கு?"

எனக்குப் புரியவில்லை. பிறகு அக்காவின் பழைய கடிதத்தைக் காட்டினேன், டாக்டரிடம் போன கதையை. மெர்சியக்கா தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"அந்தாளு தெக்கத்திக்காரரு. என்கூட வேலை செய்யறவங்கள்ல பாதிப்பேரு அந்தப் பக்கந்தான். அவங்க ஊர்ல சடவுன்னா மனத்தாங்கல், கோவம். 'யாரு மேல கோவம்'னு அவரு கேட்டிருக்காரு. இவ மேலு, ஒடம்புன்னு நெனச்சுக்கிட்டு மேலெல்லாம்னு சொல்லியிருக்கா. அவருக்கு எல்லார் மேலயும்னு காதுல விழுந்திருக்கு. மாமியாளும் பக்கத்துலயே நிக்குது. வேற என்ன சொல்லுவாரு அந்த மனுசன்?"

ஒரு வார்த்தை மச்சான். அந்த ஒரு வார்த்தைக்கு அக்காவுக்கு டானிக், அத்தைக்குக் கெட்ட பெயர், எனக்குக் கொழுப்பெடுத்த ஒரு கடிதம். நாலு மாதம் என்று ஒரு பொம்பிளை சொன்னால் தூக்கம் எப்படி, சோறு இறங்குகிறதா என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்க அந்த டாக்டருக்கு என்ன கேடு? கேட்காத ஆள் அவர் ஒருத்தர் மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

இது ஒரு நோய். சோம்பல் இல்லை, காற்று கருப்பு இல்லை, திமிர் இல்லை. மருந்து இருக்கிறது. கேட்டிருக்க வேண்டுமா என்று எழுதியிருந்தீர்கள். இன்று ராத்திரி கேளுங்கள். மெர்சியக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சாகோணும்னு தோணுதான்னு நேராக் கேக்கோணும். கேட்டா புதுசா அந்த நெனப்பு வந்துராது. கேக்காம வுட்டாத்தான் அவ தனியாச் செமக்கோணும்." கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். தனியாக விட வேண்டாம்.

அத்தை காலில் விழ எனக்கு நாளைக்கு நேரம் இருக்கும்.

மணி


காங்கேயம்
24-11-96

மணிக்கு,

அக்காதான். இரண்டு மாதமாக நான் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பேனாவைப் பிடித்தால் கை நடுங்கியது. மாத்திரையால் வாய் பஞ்சு மாதிரி உலர்ந்துவிடுகிறது, தண்ணீர்ச் சொம்போடுதான் திரிகிறேன். முதல் மூன்று வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. இதுவும் வீண் என்றுதான் நினைத்தேன். கோயமுத்தூர் டாக்டரம்மா "பொறு" என்றார்கள். பொறுத்தேன். நாலாவது வாரத்தில் ஒரு நாள் காலையில் காப்பி வாசம் வந்தது. அடுப்பில் தினமும்தான் காப்பி கொதித்திருக்கும். எனக்கு அன்றுதான் வந்தது.

உனக்கு என்ன என்று முதல் கடிதத்தில் கேட்டாயே. அப்போது சொல்லத் தெரியவில்லை. வகுப்புக்குள் நான் போனதும் பிள்ளைகள் எழுந்து வணக்கம் டீச்சர் என்பார்கள். உட்காருங்கள் என்று நான் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் எனக்கு வராது. நாலாம் வகுப்பு மொத்தமும் நின்றுகொண்டே இருக்கும். என்னைப் பார்க்கும். நான் அவர்களைப் பார்ப்பேன். ஒரு நாள் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து உட்கார வைத்தார்கள். அதற்கு மறுநாளிலிருந்துதான் நான் போகவில்லை.

சோகமாக இருந்தால் சோகம் என்று சொல்லியிருப்பேன். அழுகை வந்தால் அழுகை என்று சொல்லியிருப்பேன். பாப்பா மடியில் வந்து உட்கார்ந்தால் யார் வீட்டுக் குழந்தையோ போல இருந்தது. இதை எந்த வாயால் சொல்வது? நம் ஊரில் இதற்கு எனக்குத் தெரிந்த வார்த்தை சடவு ஒன்றுதான். அதைத்தான் சொன்னேன்.

இப்போது எனக்குக் கோபம் வருகிறது மணி. நல்லதுதான் என்கிறார்கள் டாக்டரம்மா. திருநீறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "உனக்கென்ன கண்ணு கொறை, கவர்மெண்டு வேலை, தங்கமாட்டப் புருசன்" என்று சொன்னவர்கள் மேல் எல்லாம் கோபம் வருகிறது. குறை இருந்தால்தான் சீக்கு வரவேண்டும் என்று யார் சொன்னது? குறை இல்லாதவளுக்கு வந்தால் அவள் நடிக்கிறாள் என்று அர்த்தமா?

உன் மேலும்தான் கோபம். நீ எனக்காக எல்லோரையும் திட்டினாய். ஹெட்மாஸ்டரை, டாக்டரை, அத்தையை, அவரை. நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது உனக்குச் சண்டை போட ஒரு காரணமாகப் போயிற்று. அத்தை அன்று ஆஸ்பத்திரியில் என் கையை எட்டு மணி நேரம் விடவில்லை. "எனக்கு வெளங்காமப் போச்சே சாமி" என்று அது சொன்னதை நீ பார்த்தாய்தானே?

ஒரு விசயம். வேலையில் சேர மருத்துவச் சான்று வேண்டும். டாக்டரம்மா நோயின் பெயரை எழுதினால் அது வெங்கடபதி சார் மேசைக்குத்தான் போகும். இங்கே வேறொரு டாக்டர் மஞ்சள் காமாலை என்று எழுதித் தருகிறேன் என்கிறார். நிறையப் பேர் அப்படித்தான் வாங்குகிறார்களாம். வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன்.

நீ பவுண்டரியை விட்டு நின்றுவிட்டதாக மெர்சி எழுதினாள். எனக்கு ஏன் சொல்லவில்லை?

அக்கா


கணபதி
28-11-96

அக்கா, நீ திட்டினதில் எனக்குச் சந்தோசம், கொஞ்சம் எரிச்சலும். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். பவுண்டரி போனால் கிரைண்டர் கம்பெனி. கல் கொத்துகிறேன். அதை விடு.

காமாலையா? உனக்கா? ஒரு வார்த்தை தப்பாகப் போய்த்தான் நீ இவ்வளவு பட்டாய், இப்போது நீயே தெரிந்து ஒரு தப்பு வார்த்தையை எழுதி வாங்கப் போகிறாய். நீ என்ன திருடினாயா? இருக்கிற பெயரை எழுதச் சொல். அந்த வெங்கடபதி மேசைக்குப் போகட்டும். படித்துவிட்டு வாயைத் திறந்தால் நான் வருகிறேன்.

கிரைண்டர் கல் கனமானது. போட்டால் போட்டதுதான்.

பாப்பாவுக்குத் தொப்பி வாங்கி வைத்திருக்கிறேன், குளிருக்கு.

மணி


காங்கேயம்
19-1-97

தம்பி மணிக்கு அக்காவின் பொங்கல் வாழ்த்து. எல்லோரும் இருக்கிறோம். நாலு பேரும்.

காமாலை என்றுதான் வாங்கிக் கொடுத்தேன். கோபப்படு. ஆனால் அந்த ஸ்டாப் ரூமில் உட்காரப்போவது நான், நீ இல்லை. உங்காளுகள் சோம்பேறி என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் பைத்தியம் என்றும் சொல்ல அவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டுமா? என் சீக்குக்கு என்ன பெயர் எங்கே சொல்வது என்பது என் இஷ்டம்.

அப்படி நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். மாட்டுப் பொங்கலன்று வெங்கடபதி சாரும் இரண்டு டீச்சர்களும் பார்க்க வந்தார்கள். ஒரு டீச்சர் காமாலைக்கு என்று ஒரு கட்டுக் கீழாநெல்லி கொண்டுவந்திருந்தார். அத்தை காப்பி கொண்டுவந்து கொடுத்தது. கீழாநெல்லியைப் பார்த்தது.

"இது எதுக்குங்க?"

"உங்க மருமகளுக்குத்தான். காமாலைன்னு சர்டிபிகேட் குடுத்திருக்காங்களே" என்றார் சார்.

"காமாலையுமில்லே ஒண்ணுமில்லீங் வாத்தியாரே. அந்தப் புள்ளைக்கு மனசுல சீக்குங்க. கோயமுத்தூர்ல மாத்திரை குடுத்திருக்கறாங்க, தின்னுக்கிட்டிருக்கறா. நாங்கூட மொதல்ல என்னமோன்னு நெனச்சுப்போட்டனுங்க. உங்கூட்லயும் ஆராச்சுக்கும் இப்பிடி எந்திரிக்காம இருந்தாச் சொல்லுங்க, நல்ல டாக்டரம்மா, நான் கூட்டிட்டுப் போறேன். காப்பி ஆறுதுங்க, குடிங்க."

சார் காப்பியைக் குடித்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர்கள் போனதும் அத்தையிடம், "ஏனுங்த்தை, இப்படிச் சொல்லிப்போட்டீங்களே" என்றேன். "அட, பொய் சொன்னா அப்பறம் அந்தத் தழையையெல்லாம் நீதான அரைச்சுக் குடிக்கோணும்" என்றது.

நான் சிரித்துவிட்டேன் மணி. ஒன்பது மாதத்துக்குப் பிறகு. சத்தம் எனக்கே வேறு யாரோ சிரிப்பது போல இருந்தது.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் வேலையில் சேர்ந்துவிட்டேன். சார் இதுவரை என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேற்று மட்டும் மைதானத்தில் தனியாகக் கூப்பிட்டு, அந்த டாக்டரம்மாவைப் பார்க்க என்றைக்குப் போகவேண்டும் என்றார். வியாழக்கிழமை என்றேன். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை.

பாலிடெக்னிக்கை ஏன் விட்டாய் என்று உன்னை நான் கேட்டதே இல்லை. வாத்தியாரை அடித்துவிட்டு வந்ததாக ஊரெல்லாம் சொன்னாய், நானும் நம்பினேன். இப்போது கேட்கிறேன். ஏன் விட்டாய்?

அக்கா


காங்கேயம்
6-3-97

மணி,

நலமில்லை. பத்து நாளாகத் திரும்ப வந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தவில்லை. அத்தைக்கும் அவருக்கும் தெரியும், கூடவே இருக்கிறார்கள். எழுத வரவில்லை. நீ வா.

அக்கா


கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டு
8-3-97

வருகிறேன். காங்கேயம் பஸ் நிற்கிறது, டிரைவர் டீ குடிக்கிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் நான் வந்துவிடுவேன். அப்புறம் எதற்கு எழுதுகிறேன் என்றால், நேரில் இதைச் சொல்ல என்னால் ஆகாது. உன்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, நீயே எழுதிவிட்டாய். இதுவரை நீ எழுதினதில் இதுதான் நல்ல கடிதம்.

டாக்டரம்மாவிடம் மெர்சியக்கா பேசியாயிற்று. திங்கட்கிழமையே பார்க்கிறார்கள், வியாழன் வரைக்கும் வேண்டாம் என்றார்கள். இப்படித் திரும்பி வருவது உண்டாம். மாத்திரை அளவை மாற்றுவார்களாம். நான்தான் மடையன், உனக்குச் சரியாகிவிட்டது என்று கிரைண்டர் கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கம்பெனியில் இன்று லீவு கேட்டேன். "அக்காவுக்கு என்ன?" என்றார்கள். மனசுக்கு முடியவில்லை என்றேன். "அவ்வளவுதானா?" என்றார்கள். அவ்வளவுதானா என்று கேட்டவன் கை ஒடிந்திருந்தால் மூன்று மாதம் கட்டோடு படுத்திருப்பான், ஊரே ஆப்பிள் வாங்கிக்கொண்டு போகும். சரி, அதை விடுகிறேன். நீ கேட்டதற்கு வருகிறேன், ஒன்றரை மாதமாக அதற்குத்தான் பதில் போடாமல் இருந்தேன்.

நான் யாரையும் அடிக்கவில்லை அக்கா. அந்த வாத்தியார் தங்கமான மனுசன். இரண்டு தடவை என் ரூமுக்கே வந்து கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை. இரண்டாம் வருசம் கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் பாயை விட்டு எழ முடியவில்லை. டிராயிங் போர்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அதையே மத்தியானம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது கோடு போடத் தெரியாது. பரீட்சைக்குப் போகவில்லை. பேரை எடுத்துவிட்டார்கள். எழுந்திருக்க முடியவில்லை என்று சொன்னால் எவன் மதிப்பான்? அடித்தேன் என்றால் ஆளாவது நிமிர்ந்து பார்ப்பான். அப்புறம் அதுவாகவே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போயிற்று. முழுசாகப் போகவில்லை. ஒரு இடத்தில் நின்றால் பிடித்துவிடுமோ என்று வேலை வேலையாக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அதனால், போன ஆனியில் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாயே, பார்த்த உடனே எனக்குத் தெரியும். ஊரில் எவனுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்துதான் மகாராணி என்று கேலி பேசிவிட்டு வெளியே ஓடினேன். மற்றவர்களை நான் திட்டினதெல்லாம் சரிதான், ஒன்றையும் வாபஸ் வாங்கமாட்டேன். ஆனால் அவர்கள் தெரியாமல் செய்தார்கள்.

செவ்வாயோ புதனோ இது வரும். மச்சானைச் சத்தமாகப் படிக்க வேண்டாம் என்று சொல். நீ படிக்கிறபோது நான் பக்கத்தில் உட்காரமாட்டேன், எங்காவது போய்விடுவேன். திரும்பி வந்ததும் கேள். சண்டைக்கு வருவேன், பேச்சை மாற்றுவேன், அதற்காக விட்டுவிடாதே, அடுத்த தடவை என்னையும் டாக்டரம்மா ரூமுக்குள்

விசில் கொடுத்துவிட்டான். போகணும்.